தேக்கடி ஏரியில் நான் போட்ட சத்தம்

பாலக்காட்டில் அச்சகம் வைத்திருக்கும் காதர் ராவுத்தர் என் கைப்பிரதியின் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தையும் படித்தார். மூன்றாம் பக்கத்துக்குப் போகாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"தம்பி, தேக்கடிக்கு எப்பப் போனீங்க?"

"இன்னும் போகலீங்க."

"ஏரியில யானை நீந்துதுன்னு எழுதியிருக்கீங்களே, யாரு பார்த்தா?"

"புத்தகத்துல இருந்துதுங்க. சித்தூர் காலேஜ் லைப்ரரியில எடுத்தேனுங்க."

"அப்ப அந்தப் புத்தகத்தையே வித்துட்டுப் போயிரலாமே. உங்களுது எதுக்கு?"

மலைப்பக்கம் போகும் பயணிகளுக்கு ஒரு சிறு கையேடு வேண்டும், என்ன மிருகம் பார்க்கலாம், என்ன காட்சி, வாங்கிவர என்ன கைவேலைப் பொருள் என்று அதில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான் முதல். புத்தகத்தில் என் பெயர் வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒரு வாரம் பொறுப்பதாக ராவுத்தர் சொன்னார். போய்ப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதிவருவது என்று தீர்மானித்துக்கொண்டு மறுநாளே கிளம்பினேன். ஒரு குடை, இரண்டு வேட்டி, ஒரு புது நோட்டு, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. இவ்வளவுதான் மூட்டை.

சித்தூர் இருப்பது திருவிதாங்கூர் கொச்சி ராஜ்யத்தில். தேக்கடியும் அதே ராஜ்யம்தான். ஆனால் பஸ்ஸில் போகிறவன் நடுவில் சென்னை ராஜ்யத்துக்குள் புகுந்து, ஒரு முழுப் பகல் அதற்குள்ளேயே ஓடி, மலையேறி மறுபடி சொந்த ராஜ்யத்துக்குள் நுழைய வேண்டும். வீட்டு முன்வாசல் வழியே வெளியேறி, பக்கத்து வீட்டுக்குள் நடந்து, பின்வாசல் வழியே நம் அடுக்களைக்குள் வருவதுபோல.

கம்பம் தாண்டி மலைப்பாதையில் ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, பஸ் கொதித்து நின்றுவிட்டது. கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டார். "சும்மா முன்னால நடந்துக்கிட்டே இருங்க, வண்டி பின்னாலயே வந்துரும்" என்றார். நடந்தோம். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர் எங்களுடன் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி கண்டக்டரைத் திரும்பிப் பார்த்து, "ஏண்ணே, நாங்க நடந்தே போய்ச் சேர்ந்துட்டா டிக்கெட்டை நீங்க திருப்பி வாங்கிக்கிருவீகளா?" என்று கேட்டாள். கண்டக்டர் காது கேளாதவர்போல ரேடியேட்டர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லைச் சாவடியில் அரிசி கடத்துகிறார்களா என்று சோதித்தார்கள். காவலர் என் பையில் கையை விட்டு வாழையிலைப் பொட்டலத்தை வெளியே எடுத்தார்.

"இது என்ன?"

"புளிச்சோறுங்க."

"எதுல செஞ்சது?"

நான் விழித்தேன். "அரிசியிலதானுங்க."

"அப்ப அரிசிதானே" என்று சொல்லி, என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சாவடி தாண்டிய உடனே ஒரு கல்லில் உட்கார்ந்து முழுவதையும் தின்று முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை குமுளியில் வெந்த மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும். எங்கள் ஊரில் கிழங்கு என்பது பசியாற்ற அவித்துத் தின்பது. இங்கே அது விருந்தாளிக்கு இலை போட்டு வைப்பது. குழம்பின் புளிப்பு வேறு மாதிரி இருந்தது. என்ன புளி என்று கேட்டேன். குடம்புளி என்று ஒரு கறுத்த சுருளை எடுத்துக் காட்டினார்கள். கொட்டைப்பாக்குத் தட்டில் கிடந்தால் காய்ந்த தோல் என்று தூக்கி எறிந்திருப்பேன். நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.

படகுத்துறைக்கு மூன்று மைல் நடை. மரத்தின் மேல் தட்டில் கருமந்திகள் இருமுவதுபோல ஒலி எழுப்பின. தலைக்கு மேல் ஏதோ ரயில் எஞ்சின் நீராவி விட்டுப் போவதுபோல இரைந்தது. அண்ணாந்து பார்த்தேன். இரண்டு இருவாச்சிப் பறவைகள். புத்தகத்தில் அதன் அலகைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. சிறகு போடும் சத்தத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அது எனக்குப் பெரிய தெம்பைக் கொடுத்தது.

துறையில் மாயாண்டியைக் கண்டேன். நாற்பது வயது இருக்கும். கம்பத்துக்காரர். குத்தகைக்காரர் ஒருவருடைய சிறிய மோட்டார்ப் படகை ஓட்டுகிறார். பயணி டிக்கெட் வாங்கும் நிலையில் நான் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். என் குடையையும் நோட்டையும் மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தியாரா?"

"இல்லீங்கண்ணா. புத்தகம் எழுதறதுக்கு வந்தேனுங்க."

"எல்லாம் ஒண்ணுதேன். தண்ணி எறைக்கத் தெரியுமா? இந்தப் படகு ஒழுகும். டப்பாவ எடுத்து எறைச்சுக்கிட்டே வந்தா, சும்மா வரலாம்."

இறைப்பது எனக்குக் கைவந்த வேலை. ஒப்புக்கொண்டேன். ஏறும்போது அவரே சொன்னார்: "ஒரே ஒரு சமாச்சாரம், வாத்தியாரே. ஏறுறவுக மனம் கோணாம பாத்துக்கணும். எம்மேல ரெண்டு புகார் எழுதிட்டாக. ஒண்ணு, எஞ்சின் நின்னுபோச்சு. இன்னொண்ணு, புலி வரலைன்னு. புலிக்கு நான் என்ன செய்ய? மூணாவது விழுந்தா படகைப் பிடுங்கி மருமயனுக்குக் கொடுத்துருவேன்னு குத்தகைக்காரரு சொல்லிட்டாரு."

ஏரியைப் பற்றி என்ன சொல்வது? அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய மரங்கள் அப்படியே பட்டுப்போய், கறுத்த கம்பங்களாக இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர் ஏரியில் மரம் கரையில் நிற்கும், பறவை தண்ணீரில் இருக்கும். இங்கே மரம் தண்ணீரில், பறவை வெயிலில். அடிமரங்கள் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே ஒளிந்துகொண்டும் இருக்கும். மாயாண்டி அவை ஒவ்வொன்றின் இடத்தையும் மனதில் வைத்திருந்தார். வளைந்து வளைந்துதான் ஓட்டினார்.

ஏரியின் நடுவே ஒரு மேடு. முன்பு குன்றாக இருந்தது, தண்ணீர் சூழ்ந்து தீவாகிவிட்டது. அங்கே மன்னான் என்ற மலைக்குடியைச் சேர்ந்த தேவனும் அவர் மனைவி நாச்சியும் குடிசை போட்டிருந்தார்கள். தேவனுக்கு மீன்பிடி. நாச்சிக்குப் பாய். படகு பயணிகளை அங்கே அரைமணி நேரம் இறக்கிவிடும்.

என் பழைய கைப்பிரதியில் "மலைமக்கள் பலவண்ணச் சாயம் ஏற்றிய பாய்கள் முடைவர்" என்று இருந்தது. நாச்சியிடம் என்ன சாயம் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமலே ஈற்றை என்ற மெல்லிய காட்டு மூங்கிலின் கீற்றுகள் இரண்டை எடுத்து வெயிலில் பிடித்தாள். ஒன்று பளபளத்தது, மற்றது மங்கலாக இருந்தது.

"இது மேல்பட்டை. இது உள்பட்டை. சாயம் எங்க இருக்கு?"

கீற்று காகிதம்போல மெலிசு. அதை வேகவைத்து, வெயிலிலும் அடுப்புக்கு மேல் புகையிலும் காயவைத்து, பளபளப்பையும் மங்கலையும் மாற்றி மாற்றிப் பின்னும்போது, பாயில் கட்டங்கள் தாமாகத் தெரிகின்றன. ஒரு பக்கமிருந்து பார்த்தால் கட்டம் இருக்கும், மறுபக்கம் போனால் மறைந்துவிடும். கண்ணாடிப் பாய் என்கிறார்கள். ஓர் ஆள் படுக்கும் பாயைச் சுருட்டி ஒரு மூங்கில் குழாய்க்குள் செருகிக் காட்டினாள். பழைய பக்கத்தை அங்கேயே மனதில் கிழித்துப் போட்டேன்.

புதன்கிழமை படகில் ஒரே ஒரு தம்பதி. சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வியாபாரம் செய்பவர். கழுத்தில் காமிரா. மூன்று நாளாக யானைக்காகக் காத்திருக்கிறார்கள். அடுத்த நாள் நண்பகல் பஸ்ஸுக்கு ஊர் திரும்ப வேண்டும். அந்த அம்மாள் படகில் ஏறியதும் மாயாண்டியிடம், "குட்டியோட இருக்கிற யானையாப் பாத்துக் காட்டணும், அண்ணே" என்றார். ஜவுளிக்கடையில் புடவை கேட்பது போலிருந்தது.

"வரச் சொல்லியிருக்கேம்மா" என்றார் மாயாண்டி.

நாலு மணி சுமாருக்கு வந்தன. தீவுக்கு எதிர்க்கரையில், புல்சரிவில், ஏழு யானைகள். நடுவில் கால்களுக்கிடையே ஒரு குட்டி. மாயாண்டி எஞ்சினை நிறுத்திப் பட்டமரங்களுக்குப் பின்னால் படகை ஒதுக்கினார். முன்னால் வந்த பெரிய பெண்யானை தண்ணீரில் இறங்கியது. வயிறு முங்கியது. முதுகு முங்கியது. துதிக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, எங்களைக் கடந்து தீவை நோக்கி நீந்தத் தொடங்கியது. மற்றவையும் இறங்கின. வியாபாரி காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அந்த அம்மாள் அவர் தோளைப் பற்றியிருந்தார்.

தீவின் சரிவில் நாச்சியின் கீற்றுகள் கட்டுக்கட்டாகக் காய்ந்துகொண்டிருந்தன. யானை நேராக அவற்றை நோக்கி வந்தது.

எங்கள் காடு வாளையார் மலையடியில் இருக்கிறது. காடு என்றால் எங்கள் பேச்சில் சோளம் விதைக்கும் நிலம். பத்து வயதிலிருந்து, கதிர் முற்றினால் பரண்மேல் என் இடம் நிச்சயம். கையில் தகரம் இருக்கும். படித்தது முழுக்க அந்தப் பரண்மேல்தான். யானை விளைச்சலை நோக்கித் துதிக்கையை நீட்டினால் என் வாய் தானாகத் திறக்கும். கை தானாக ஓங்கும். அதற்கு என் சம்மதம் தேவையில்லை.

"ஓஓஓய்! ஹோய் ஹோய் ஹோய்!"

இறைக்கும் டப்பாவைக் குடைக்காம்பால் அடித்தேன். அந்த ஏரியில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் எழுந்திருக்காது. பாம்புத்தாராக்கள் அத்தனையும் பறந்தன. பெண்யானை நீரிலேயே திரும்பிற்று. குட்டியை நடுவில் தள்ளிக்கொண்டு, பெரும் அலையடித்து, ஏழும் கரையேறி மரங்களுக்குள் போய்விட்டன. புல்சரிவில் ஈரம் மட்டும் மினுங்கியது.

நான் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"யாரு கத்துனது?" என்றார் அந்த அம்மாள். படகில் இருந்தது நாலே பேர்.

வியாபாரி காமிராவை மெதுவாகத் தோலுறைக்குள் வைத்து மூடினார். "புகார் புத்தகம் துறையில இருக்குல்ல?"

மாயாண்டி டப்பாவை எடுத்துத் தானே தண்ணீர் இறைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீவில் கீற்றுக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நின்ற நாச்சிதான் கரையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "வந்தா எடுத்து உள்ள வைக்கமாட்டமா? தினம் வர்றதுதானே."

வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. வியாபாரியிடம் சொன்னேன்: "ஐயா, நாளைக்குக் காலையில ஒரே ஒரு நடை வாங்க. விரட்டின யானை அதே வரப்புக்குத்தானுங்க திரும்ப வரும். எங்க ஊருல பத்து வருசமாப் பாத்திருக்கறேன். நீங்க பஸ் ஏறுறதுக்குள்ள நான் காட்டுறேன். அதுக்கப்புறம் எழுதுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையசைத்தார்.

"குட்டியைப் பயமுறுத்தியாச்சு. இங்க வராது, தெற்குக் கையிலதான் எறங்கும்" என்றாள் நாச்சி. ஏரி அங்கே விரல்விரலாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொன்றையும் கை என்கிறார்கள்.

"எங்க ஊர்ல அதே வழிதானுங்க."

"உங்க ஊர்ல அது சோளத்துக்குத் திரும்பி வருது. இங்க என்ன விதைச்சு வச்சிருக்கீங்க?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று, பிடிவாதமும் கூடிவிட்டது. வியாழக்கிழமை விடிந்ததும் அதே பட்டமரங்களுக்குப் பின்னால் படகை நிறுத்தச் சொன்னேன். ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. நீர்நாய்க் குடும்பம் ஒன்று வரிசையாக வந்து, எங்களைப் பார்த்துத் தலையைத் தூக்கித் தூக்கி முழுகிப் போனது. அந்த அம்மாள் சிரித்தார். அவர் கணவர் காமிராவைத் திறக்கவே இல்லை. ஒன்பது மணிக்குத் தேவன் தன் மூங்கில் தெப்பத்தில் வந்து, கூட்டம் விடியற்காலையிலேயே தெற்குக் கையில் கடந்துவிட்டதாகவும், கரையில் யானைச் சாணம் இன்னும் ஆவி விடுவதாகவும் சொன்னார்.

"வாத்தியாரே," என்றார் மாயாண்டி, முந்தின நாள் நான் கத்தியதற்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்து, "உங்க ஊரு யானைக்கு நல்ல பழக்கம்யா."

படகு துறைக்குத் திரும்பியது. நான் தண்ணீர் இறைத்துக்கொண்டே யோசித்தேன். வியாபாரி எழுதப்போவது மூன்று வரி இருக்கும். "யானை கண்ட வேளையில் படகில் கூச்சல். படகோட்டி தடுக்கவில்லை." அதில் பொய் ஒன்றும் இராது. மாயாண்டிக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவன் அந்தப் படகில் இன்னொருவன் இருந்தான்.

துறையில் குத்தகைக்காரரின் கணக்குப்பிள்ளை, கோட்டயத்துக்காரர், புத்தகத்தை எடுத்து வைத்தார். வியாபாரி பேனாவைத் திறப்பதற்குள், "நான் முதல்ல எழுதிக்கறேனுங்க" என்று வாங்கிக்கொண்டேன். நின்றபடியே எழுதினேன்:

"புதன்கிழமை மாலை நாலு மணிக்கு, ஏழு யானைகள் ஏரியில் நீந்தி வரும்போது, படகில் தண்ணீர் இறைப்பவனாகிய நான் தகரத்தை அடித்துக் கூச்சலிட்டு அவற்றைத் திருப்பி ஓட்டிவிட்டேன். படகோட்டி மாயாண்டி எஞ்சினை உரிய இடத்தில் நிறுத்தி, உரிய இடத்தில் ஒதுக்கி, பயணிகளுக்கு யானையைக் காட்டிவிட்டிருந்தார். அவர்மீது குற்றம் இல்லை. தண்டனை எனக்குரியது." கீழே பெயர், ஊர், தாலுகா எல்லாம் எழுதினேன்.

கணக்குப்பிள்ளை இரண்டு தடவை படித்தார். அவர் மலையாளத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "முப்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். தன்மேல் தானே புகார் எழுதினவனைப் பார்த்ததில்லை. நீ பயணிதானே? பயணியை நான் எப்படித் தண்டிப்பது?"

"டிக்கெட் வாங்கலீங்க. தண்ணி எறைச்சுத்தான் வந்தேன். அப்போ நான் படகு ஆள்தானுங்களே."

அந்த அம்மாள் புத்தகத்தை இழுத்து வாசித்தார். பிறகு கணவரிடம், "என்னங்க, நீங்க எழுத வேண்டியத அவரே நல்லா எழுதிட்டாரு. சாட்சி போட்டுட்டு வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவர் பேனாவைத் திறந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "காட்டியது உண்மை" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தீர்ப்பு உடனே வந்தது. இனிமேல் அந்தத் துறையிலிருந்து புறப்படும் எந்தப் படகிலும் எனக்கு இடமில்லை. கணக்குப்பிள்ளை அதைச் சிவப்பு மையால் எழுதிக் கோடும் போட்டார்.

அந்த ஊரில் வேப்பமரம் கிடையாது; வெளியே பெயர் தெரியாத ஏதோ ஒரு மரத்தடியில் மாயாண்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா எழுதுன?"

சொன்னேன்.

"எம்பேரு எத்தன தடவ வருது?"

"ஒரே தடவைங்க. 'அவர்மீது குற்றம் இல்லை'ங்கறதுக்கு முன்னாடி."

"அத மட்டும் இன்னொரு தரம் சொல்லு."

இன்னொரு தரம் சொன்னேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அப்ப எந்தப் படகுலயும் ஏற முடியாது உனக்கு" என்றார்.

"படகுல முடியாதுங்க. தெப்பத்தைப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களே."

அவர் சிரிக்க ஆரம்பித்து, புகை மாட்டி, இருமிக்கொண்டே இருந்தார்.

நாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். கேட்கவில்லை. தேவனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பி, வெள்ளிக்கிழமை காலை கரையோரமாக நாலு மைல் நடந்து, அவர்கள் தெப்பம் ஒதுங்கும் இடத்தில் போய் நின்றேன். நாச்சியும் உடன் இருந்தாள். ஈற்றை வெட்ட அந்தப் பக்கம்தான் போகிறார்களாம். குடையைப் பார்த்ததும், "அது கரையில இருக்கட்டும்" என்றாள். வைத்துவிட்டேன்.

தெப்பத்தில் உட்கார்ந்தால் வேட்டி நனையும். மூங்கில் இடுக்கு வழியே ஏரி நேராக உடம்பைத் தொடும். எஞ்சின் இல்லாததால் தண்ணீரின் சின்னச்சின்ன சத்தமெல்லாம் கேட்டது. தெற்குக் கையில் ஒரு நாணல் திட்டில் தேவன் கழியை ஊன்றி நிறுத்தினார். நாச்சி சரிவின் மேலே ஓரிடத்தைக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த இடம் காதை ஆட்டியது.

இந்தத் தடவை எட்டு. முன்பு எண்ணியதில் ஒன்றை விட்டிருக்கிறேன், அல்லது ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பெண்யானை இறங்கியது. குட்டி கரையிலேயே நின்று அடம்பிடித்தது. பின்னால் வந்த யானை நெற்றியால் முட்டி அதைத் தண்ணீருக்குள் தள்ளியது. எனக்குத் தொண்டைக்குள் அந்தப் பழைய சத்தம் திரண்டு ஏறியது. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன், எதிர்ப்பக்கத்தில், யானைகள் கடக்கும் தண்ணீருக்கு அந்தண்டை, ஒரு படகு எஞ்சின் நிறுத்தி ஒதுங்கியிருந்தது. அதில் நாலைந்து பயணிகள், எல்லார் கழுத்தும் யானைகள் பக்கம் நீண்டிருந்தது. பின்னால் மாயாண்டி எழுந்து நின்றார். அவர் யானையைப் பார்க்கவில்லை. எட்டுத் துதிக்கைகளுக்கு மேலாக என்னையே பார்த்து, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, கடைசியாகக் குட்டி கரையேறி முதுகை உதறும்வரை அந்த விரலை எடுக்காமல் நின்றார்.